கூரையில் நிற்கும் ஆன்டெனாவை என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ‘வீட்டு டிவி பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்’ என்று மூலையில் ஒரு வரி போட்டிருந்தோம். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. முக்கால்வாசி கொடைக்கானல் பக்கத்து மலையிலிருந்து வந்திருக்கிறது. பெருமாள்மலையில் முப்பது வருஷமாக டிவி மெக்கானிக்காக உட்கார்ந்திருப்பவன் என்பதால், ஆசிரியர் கட்டோடு தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரே மாதிரி வந்த கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 14 அங்குல டிவி, அரசு இலவசமாகக் கொடுத்தது. கூரை ஆன்டெனாவில் தூர்தர்ஷன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் பூச்சிதான் பறக்கிறது. கடையில் கேட்டால் ‘இது அனலாக் டிவி, காலம் முடிந்துவிட்டது, டிஜிட்டல் டிவி வாங்குங்கள்’ என்கிறார்கள். டிவியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? – தாண்டிக்குடி வாசகர்

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை, மீதி வியாபாரம்.

உண்மை எது என்றால், தரையில் கோபுரம் நட்டு அனலாக் என்ற பழைய முறையில் அனுப்பிக்கொண்டிருந்த ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் படிப்படியாக மூடிவிட்டது. 2022 ஜனவரி கடைசிக்குள் நாடு முழுக்கப் பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் நின்றுபோயின. முக்கியமான இடங்கள் என்று சுமார் 50 மட்டும் விட்டுவைத்தார்கள். ஆகவே ஆன்டெனாவைத் திருப்பிப் பயனில்லை. பூஸ்டர் வாங்கி மாட்டினாலும் வராது. வராத சிக்னலை எந்தப் பூஸ்டர் பெருக்கும்?

ஆனால் டிவிக்கு எந்தக் கேடும் இல்லை, ஐயா. மாறியிருப்பது காற்றில் வந்த சிக்னல்தான். டிவிக்குப் புரிகிற மாதிரி அதை மாற்றிக் கொடுக்க ஒரு செட்டாப் பாக்ஸ் போதும். 2006க்கு அப்புறம் வந்த அந்த 14 அங்குல டிவிகளில் பெரும்பாலும் ஏவி சாக்கெட் இருக்கும். பின்பக்கமோ முன்பக்கமோ தடவிப் பாருங்கள். மஞ்சள் ஓட்டையில் மஞ்சள் வயர், அது படம். வெள்ளையும் சிவப்பும் சத்தம். ரிமோட்டில் ஏவி என்ற பட்டனை அமுக்கினால் படம் வந்துவிடும். உங்கள் டிவியில் சத்தத்துக்கு ஒரே ஓட்டைதான் இருந்தால் வெள்ளையைச் செருகிவிட்டுச் சிவப்பைத் தொங்கவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

ஆன்டெனா ஓட்டை மட்டுமே உள்ள அதற்கும் முந்தைய டிவி என்றால் ஆர்எஃப் மாடுலேட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒன்று கிடைக்கிறது. பாக்ஸிலிருந்து ஏவி வயர் அதற்குள் போகும், அதிலிருந்து ஆன்டெனா வயர் டிவிக்கு வரும். மாடுலேட்டர் எந்தச் சானலில் கொடுக்கிறதோ அதில் டிவியை டியூன் செய்ய வேண்டும். போன வருஷம் பூம்பாறையில் ஒரு பாட்டியின் கறுப்பு வெள்ளை டிவிக்கு இப்படி மாட்டிக் கொடுத்தேன். கலர் வராது, வராது என்று மூன்று தடவை சொல்லியும், போட்டு முடித்ததும் ‘கலர் எங்கே?’ என்றார்.

உங்களைப் போலத் தூர்தர்ஷன் மட்டும் போதும் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்குவது ஒரு தடவைச் செலவு, மாதச் சந்தா கிடையாது. 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. பொதிகை என்று நாம் பார்த்தது 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது, அதுவும் இதில் வரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் தினம் ராத்திரி சீரியல் பார்க்கும் பெரிய தனியார் தமிழ்ச் சானல்களை இதில் எதிர்பார்க்காதீர்கள். அவை வேண்டும் என்றால் கேபிள் அல்லது சந்தா டிஷ்தான். வாங்கியபிறகு வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை. பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புது முறை) என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸை மலிவு என்று தள்ளிவிடுவார்கள். அதில் சானல் குறைவு.

அந்தக் காலத்தில் டிவியில் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார் என்று தாத்தா சொல்கிறார். உண்மையா? இப்போது ஏன் அப்படி வருவதில்லை? – 9ஆம் வகுப்பு மாணவர், பண்ணைக்காடு

தாத்தா சொல்வது சத்தியம், தம்பி. அதற்கு நாங்கள் ‘நிழல் விழுகிறது’ என்போம். மலைக்காரர்களுக்கென்றே வாய்த்த வியாதி அது.

கொடைக்கானல் டிவி கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை உங்கள் ஆன்டெனாவுக்கு நேராக ஒன்று வரும். அதே அலை எதிர்ப் பாறையில் மோதித் திரும்பி, கொஞ்சம் சுற்றிக்கொண்டு இன்னொன்றாகவும் வரும். 300 மீட்டர் அதிகமாகச் சுற்றினால் ஒரு மைக்ரோ வினாடி தாமதம், அதாவது வினாடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. அது என்ன பெரிய தாமதமா என்று கேட்பாய். நம் அனலாக் டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படம். ஒரு கோட்டை இடமிருந்து வலமாகத் திரையில் இழுத்து முடிக்க ஏறக்குறைய 52 மைக்ரோ வினாடிதான். 42 சென்டிமீட்டர் அகலத் திரையில் கணக்குப் போட்டுப் பார். ஒரு மைக்ரோ வினாடித் தாமதம் என்றால் முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தள்ளி, வலது பக்கம் அதே ஆள் மங்கலாக நிற்பார். பாறை இன்னும் தூரமாக இருந்து அலை ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி வந்தால் 4 சென்டிமீட்டர் தள்ளி நிற்பார். ஸ்கேலை வைத்து நிழலை அளந்துவிட்டு, எந்தப் பாறையில் பட்டு வருகிறது என்று ஊகித்து ஆன்டெனாவைத் திருப்பிய நாட்கள் உண்டு. வாத்தியாரிடம் பாடமாகப் படித்திருந்தால் தூங்கியிருப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கோபுரம் நம் மலைமேலேயே இருந்தும் மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்த ஊர்களுக்குச் சரியாகக் கிடைக்காது. கீழே சமவெளியில் இருப்பவர்கள் ஜோராகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதான். தெற்குப் பார்த்த சரிவில் வீடு இருந்தவர்கள் உயரமாகக் குழாய் நட்டு இலங்கையின் ரூபவாஹினி டிவியை இழுப்பார்கள். அது 1982ல் தொடங்கியது. அந்தக் குழாய் எத்தனை அடி என்பதுதான் அப்போது தெருவில் கௌரவம்.

சரி, டிஜிட்டலில் ஏன் நிழல் இல்லை? அனலாக்கில் அலையின் ஏற்ற இறக்கமே படத்தின் வெளிச்சம். அலை எப்படிக் கெட்டதோ படமும் அப்படியே கெடும். டிஜிட்டலில் வருவது வெறும் எண்கள், பூஜ்யமும் ஒன்றும். கூடவே தப்பைத் திருத்திக்கொள்ளக் கொஞ்சம் உபரி எண்களையும் சேர்த்து அனுப்புகிறார்கள். வழியில் சில எண்கள் தொலைந்தாலும் பாக்ஸ் கணக்குப் போட்டு நிரப்பிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அதன் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டித் தொலைந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே நின்று, நீலத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்துவிடும். அனலாக் நோயாளி மாதிரி, இருமிக்கொண்டாவது பேசும். டிஜிட்டல் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழும். ‘நேற்றுவரை பளிச்சென்று வந்தது, இன்றைக்குச் சுத்தமாக இல்லை’ என்று வந்த கடிதங்களுக்கெல்லாம் இதுதான் பதில். நேற்றே அது எல்லையில்தான் இருந்திருக்கும்.

காபித் தோட்டத்துக்குள் வீடு. சுற்றிலும் சில்வர் ஓக் மரம். டிஷ் மாட்ட வந்தவர் நான்கு மரத்தை வெட்டினால்தான் வரும் என்கிறார். மரம் எங்களுடையது இல்லை, எஸ்டேட்காரருடையது. என்ன செய்வது? – வாசகி, கீழ்ப்பழனி மலை

வெட்டாதீர்கள் அம்மா. முதலில் அந்த ஆளை மாற்றிப் பாருங்கள்.

டிஷ் தட்டு பாதி சாய்ந்து நிற்பதைப் பார்த்து, அது எதிரே இருக்கும் மரத்தைத்தான் பார்க்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அலை தட்டில் சாய்வாக விழுந்து, தட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற மூக்குக்குப் போகிற மாதிரி அந்தத் தட்டைச் செய்திருக்கிறார்கள். அதனால் அது பார்ப்பது நாம் நினைப்பதைவிட ரொம்ப மேலே. ஃப்ரீ டிஷ்ஷுக்கான ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிற்பது 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே. நம் மலையிலிருந்து பார்த்தால் அது கிழக்கிலிருந்து தெற்காக 30 பாகைக்குக் கொஞ்சம் மேல் ஒதுங்கி, வானத்தில் 67, 68 பாகை உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய தலைக்கு மேலே என்றே வைத்துக்கொள்ளலாம். நீலகிரிக்காரர்களுக்கும் ஒரு பாகை முன்னே பின்னே இதே கணக்குதான்.

ஆகவே டிஷ் மட்டத்திலிருந்து மரம் எவ்வளவு உயரமோ, அதில் பாதி தூரம் தள்ளி மரம் இருந்தால் மறைக்காது. 50 அடி மரம் 25 அடி தள்ளி நின்றால் கவலையில்லை. வீட்டைச் சுற்றி வந்தால் எங்காவது ஓர் இடம் அகப்படும். கூரையிலேயே மாட்ட வேண்டும் என்று சட்டமில்லை. முற்றத்தில் சிமென்ட் கட்டை போட்டுத் தரையிலும் நிறுத்தலாம். மாடும் குழந்தைகளும் இடிக்காமல் இருந்தால் சரி.

இன்னொரு வழியும் இருக்கிறது, செலவே இல்லாதது. வருஷத்தில் இரண்டு தடவை, மார்ச் 15, 16 வாக்கில் காலை 11:15க்கும், செப்டம்பர் 27 வாக்கில் காலை 11 மணிக்கும், சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் நீங்கள் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுகிறதா, மர நிழல் விழுகிறதா என்று பாருங்கள். வெயில் விழுந்தால் சிக்னலும் விழும். அவ்வளவுதான். (அதே நாட்களில் சூரியனின் இரைச்சலால் சில நிமிடம் படம் போகும். அன்றைக்குப் பார்த்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீர்கள். என்னையும்தான்.)

தினமும் ராத்திரி ஒன்பது மணி ஆனால் படம் உடைகிறது. காலையில் எழுந்து பார்த்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. ஆபரேட்டர் வேண்டுமென்றே செய்கிறாரா? – வில்பட்டி வாசகர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டிலேயே நடந்த கதை இது.

கேபிளுக்குச் செட்டாப் பாக்ஸ் வந்த முதல் டிசம்பரில், ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் கேபிள்காரப் பையனைத் தெருவில் நிறுத்தி, பெரிய மெக்கானிக் என்ற மிதப்பில், ‘ஆம்ப்ளிஃபையரை ராத்திரி அணைக்கிறாயா?’ என்று நாலு பேச்சு பேசிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் ஏணியைச் சாத்தி ஏறி, எங்கள் வீட்டு ஓட்டுச் சாய்ப்புக்கு அடியில் நான் போட்டிருந்த ஜாயின்டைக் காட்டினான். செம்புக் கம்பி பச்சை பிடித்துப்போயிருந்தது. கனெக்டர்கூட இல்லை, முறுக்கி டேப் சுற்றியிருந்தேன். அனலாக் காலத்தில் அதுவே ஓடியது, லேசாக மணல் தூவிய மாதிரிப் படம் வந்தாலும் யாரும் கேட்கவில்லை. டிஜிட்டல் அதை மன்னிக்கவில்லை. ராத்திரி பனி இறங்கினதும் ஜாயின்டுக்குள் ஈரம் சேரும், சிக்னல் குறையும், படம் உடையும். வெயில் ஏறினால் காய்ந்து சரியாகிவிடும். பையனுக்குக் காபி வாங்கிக் கொடுத்து சமாதானம் ஆனேன்.

ஆகவே முதலில் உங்கள் வீட்டு வயரைப் பாருங்கள். முறுக்கிக் கட்டிய இடங்களை வெட்டிவிட்டு எஃப் கனெக்டர் போடுங்கள். வயர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒரு சின்ன வளைவு கீழே தொங்கட்டும், அப்போதுதான் தண்ணீர் அதன் வழியே உள்ளே வராமல் சொட்டிவிடும். டிஷ்காரர்களுக்கும் இதேதான். மூடுபனி டிஷ் சிக்னலை அவ்வளவாகத் தடுக்காது. கொட்டும் மழை தடுக்கும், அது விட்டதும் தானாக வந்துவிடும். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால் எல்என்பி கனெக்டரில் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அல்லது குரங்கு. டிஷ் கம்பியில் ஒரு குரங்கு உட்கார்ந்து எழுந்தாலே கோணம் ஒன்றிரண்டு பாகை நகர்ந்துவிடும். அது போதும், எல்லாம் போய்விடும்.

எல்லார் முகமும் குண்டாகத் தெரிகிறது. – கொடைக்கானல்

டிவியிலோ பாக்ஸிலோ பட அளவு 16:9 என்றிருப்பதை 4:3 ஆக்குங்கள். அதற்கு அப்புறமும் குண்டாகத் தெரிந்தால் அவர்கள் குண்டுதான்.

புதுப் பாக்ஸ் மாட்டினால் கலர் டிவியில் கறுப்பு வெள்ளையாக வருகிறது. – மன்னவனூர்

பாக்ஸ் மெனுவில் என்டிஎஸ்சி (NTSC) என்றிருக்கும், பால் (PAL) என்று மாற்றுங்கள். இரண்டும் கலர் அனுப்பும் முறைகள், நம் டிவிக்கு இரண்டாவதுதான். அதிலும் சரியாகவில்லை என்றால் மஞ்சள் வயரைத் தப்பான ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள்.

எட்டு அறை உள்ள சிறிய விடுதி நடத்துகிறேன். முன்பெல்லாம் ஒரு கேபிள் இழுத்து எட்டாகப் பிரித்துக்கொண்டோம். இப்போது அறைக்கு ஒரு பாக்ஸ் என்கிறார்கள். இது கொள்ளை இல்லையா? – கொடைக்கானல் வாசகர்

உங்கள் கடுப்பு புரிகிறது. ஆனால் இந்த மாற்றத்தின் அடி வேரே அதுதான்.

அனலாக்கில் வயருக்குள் எல்லாச் சானலும் திறந்தே ஓடும். ஸ்பிளிட்டர் போட்டால் எட்டு அல்ல, எண்பது டிவிக்கும் போகும். எத்தனை வீட்டில் பார்க்கிறார்கள் என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. ஆபரேட்டர் சொன்னதுதான் கணக்கு, அதைக் குறைத்துச் சொல்வதும் ஊரறிந்த ரகசியம். டிஜிட்டலில் ஒவ்வொரு பாக்ஸும் தனித்தனி எண்ணோடு பூட்டும் சாவியுமாக வருகிறது. ஒரு பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சானலைத்தான் திறக்கும். அதனால் எட்டு அறையில் எட்டுப் பேர் எட்டுச் சானல் பார்க்க வேண்டும் என்றால் எட்டுப் பாக்ஸ் வேண்டும், வேறு வழியில்லை. ஒரு பாக்ஸை மாடுலேட்டர் வழியாக எல்லா அறைக்கும் விடலாம்தான், ஆனால் நீங்கள் வைக்கும் சானலைத்தான் எட்டு அறையும் பார்க்கும். ஹனிமூன் வந்தவர்கள் உங்களோடு சேர்ந்து விவசாய நிகழ்ச்சி பார்ப்பார்கள். விடுதிக்கு வணிக இணைப்பாகவே வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்பை அறைகளுக்கு இழுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

யார் கேட்டார்கள் இந்த மாற்றத்தை? மக்களுக்கு என்ன லாபம்? – ஆயக்குடி வாசகர்

2011 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கேபிள் சட்டத்தைத் திருத்தினார்கள். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடு; அடுத்து கோவை உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31; மற்ற நகரங்களுக்கு 2015 டிசம்பர் 31; கிராமங்களுக்குக் கடைசியாக 2017 மார்ச் 31. காகிதத்தில் அப்படி. தமிழ்நாட்டில் கதை வேறு. 2011ல் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் கொடுக்கத் தொடங்கிய அரசு கேபிள் நிறுவனத்துக்கே டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. இலவசப் பாக்ஸ் அந்த செப்டம்பரில்தான் வரத் தொடங்கியது. அதுவரைக்கும் நம் மலையில் அனலாக் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது. இலவசப் பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை: அது உங்களுடையது அல்ல, இணைப்பை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

லாபம் என்றால், அனலாக்கில் ஒரு சானல் அடைத்துக்கொண்ட இடத்தில் டிஜிட்டலில் பத்துச் சானலுக்கும் மேல் அனுப்பலாம். படம் சுத்தம். கணக்கு வெளியே தெரியும், வரி ஒழுங்காகப் போகும். இதெல்லாம் நிஜம். அதே சமயம், எங்கள் தெருவில் 70 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவர்கள், 2019 பிப்ரவரியில் புது விதி வந்தபோது, 100 சானலுக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சானலுக்குத் தனி விலை என்று விரலை மடக்கிக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். எது வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். தேர்ந்தெடுத்து முடித்தபோது பில் ஏறியிருந்தது. அமெரிக்காவில் 2009 ஜூன் 12ல் அனலாக்கை நிறுத்தியபோது, பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு கூப்பன், ஒவ்வொன்றும் 40 டாலர் என்று கொடுத்தார்கள். ஜப்பானில் 2011 ஜூலையில் நிறுத்தினார்கள், சுனாமி தாக்கிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை விட்டுக்கொடுத்தார்கள். நம் ஊரில் கூரை ஆன்டெனாவை மட்டும் நம்பியிருந்தவர்களிடம் ‘இன்ன தேதியிலிருந்து வராது, இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று வீட்டு வாசலில் வந்து சொல்ல ஆளில்லை. தாண்டிக்குடிக்காரர் பூச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதனால்தான். என் ஆதங்கம் அது.

டிவிக்கு ஆனது ரேடியோவுக்கும் ஆகுமா? எங்கள் கடையில் நாள் முழுக்கக் கோடை எஃப்எம்தான். – வத்தலக்குண்டு

100.5ல் வருவது பழைய எஃப்எம் முறைதான், உங்கள் ரேடியோவை மாற்ற வேண்டாம். நார்வேயில் 2017ல் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்குப் போய்விட்டார்கள். அந்தக் குளிர் இங்கே இன்னும் வரவில்லை.

பழைய ஆன்டெனாக் குழாயிலேயே புது டிஷ்ஷை மாட்டலாமா? குழாய் நல்ல கனம். இல்லாவிட்டால் அதை என்ன செய்வது? – கோத்தகிரி வாசகி

மாட்டாதீர்கள். ஆன்டெனா காற்றில் ஆடினாலும் படம் வந்தது, டிஷ் ஆடக்கூடாது. தட்டு காற்றைப் பாய்மரம் மாதிரிப் பிடிக்கும், ஜூலைக் காற்றில் குழாயோடு சாய்த்துவிடும். சுவரில் நான்கு போல்ட் போட்டு அடிப்பக்கம் குட்டையாக மாட்டச் சொல்லுங்கள்.

குழாயைக் கழற்றிவிடுவதே நல்லது, உபயோகமில்லாமல் உயரமாக ஓர் இரும்பு நிற்பது இடி மின்னல் காலத்தில் வேண்டாத வேலை. கழற்றும்போது தனியாக ஏறாதீர்கள். பக்கத்தில் கரண்ட் வயர் போகிறதா என்று முதலில் பாருங்கள். நீளக் குழாய் கையிலிருந்து நழுவினால் எந்தப் பக்கம் விழும் என்று நமக்குத் தெரியாது. மேலே இருக்கும் அலுமினியக் கம்பிகள் எடைக்குப் போகும். குழாய் உங்கள் ஊரில் பீன்ஸ் பந்தலுக்கு ஆகும். குருவி கூடு கட்டியிருந்தால் மட்டும் குஞ்சு பறக்கும்வரை விட்டுவையுங்கள், மின்னல் காலம் வர இன்னும் நாள் இருக்கிறது.